சிறிய ஓடுதளத்தில் சர்க்யூட்: இடைவெளி எங்கே உருவாகிறது?

ஃபைனலில், அதாவது ஓடுதளத்துக்கு நேரான கடைசிப் பகுதியில், இறங்கிக்கொண்டிருக்கிறோம். முன்னால் போகும் விமானம் கண்ணாடியில் பெரிதாகிக்கொண்டே வருகிறது. அது இன்னும் ஓடுதளத்தைத் தொடவில்லை. நமக்கோ 300 அடிதான் மிச்சம். கோ-அரவுண்ட் செய்வதே, அதாவது இறங்காமல் மறுபடி ஏறிப்போவதே சரி. ஆனால் அந்த நெருக்கம் ஃபைனலில் முளைத்ததல்ல. மூன்று நான்கு நிமிடம் முன்பு புறப்பட்டு ஏறிக்கொண்டிருந்தபோதே, கிராஸ்விண்டுக்கு (ஓடுதளத்தை விட்டு விலகும் பகுதிக்கு) எப்போது திரும்பினோம், டவுன்விண்டை (ஓடுதளத்துக்கு இணையான பகுதியை) ஓடுதளத்திலிருந்து எவ்வளவு தள்ளி வைத்தோம் என்பதில் அது முடிவாகிவிட்டது. டவர் (விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டுக் கோபுரம்) இருக்கும் இடத்தில் இதைக் கவனித்துச் சொல்ல ஒருவர் இருப்பார். சிறிய ஓடுதளத்தில் வரிசையை விமானிகளே அமைத்துக்கொள்ள வேண்டும். அதற்குத் தேவையான கணக்கு பள்ளிக்கூடக் கணக்குதான். ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டால் பிறகு கண்ணே அளந்துவிடும்.

கீழே வரும் எண்கள் எல்லாம் செஸ்னா 172 போன்ற ஒற்றை எஞ்சின் விமானத்துக்கானவை. ஏறும்போது 75 நாட் (மணிக்கு 75 கடல்மைல்; ஒரு கடல்மைல் 1852 மீட்டர்), டவுன்விண்டில் 90, பேஸுக்குத் திரும்புகையில் 80, பேஸில் 70, ஃபைனலில் 65 என்று வைத்துக்கொண்டிருக்கிறோம். தன் விமானத்தின் கையேட்டில் வேறு வேகம் இருந்தால் அதைப் போட்டுக் கணக்கிட்டுக்கொள்ளலாம், முறை ஒன்றுதான்.

வடிவமும் உயரமும்

சர்க்யூட் என்பது ஓடுதளத்தின் ஒரு பக்கத்தில் பறக்கும் நீள்சதுரம். புறப்பட்ட திசையிலேயே ஏறும் பகுதி அப்விண்ட். 90 டிகிரி திரும்பி ஓடுதளத்தை விட்டு விலகுவது கிராஸ்விண்ட். மறுபடி திரும்பி ஓடுதளத்துக்கு இணையாக, இறங்கும் திசைக்கு எதிராகப் போவது டவுன்விண்ட். பிறகு ஓடுதளத்தை நோக்கி வரும் பேஸ், கடைசியாக நேர்கோட்டில் இறங்கும் ஃபைனல். வேறுவிதமாக அறிவிக்காதவரை எல்லாத் திருப்பமும் இடப்பக்கம். பன்னாட்டு விதியே அப்படித்தான். கேப்டன் இடப்பக்க இருக்கையில் இருப்பதால் ஓடுதளம் எப்போதும் அவர் ஜன்னலிலேயே தெரியும். வலப்பக்க சர்க்யூட் என்றால் வரைபடத்திலும் அறிவிப்பிலும் குறித்திருப்பார்கள். சில ஓடுதளங்களில் தரையிலேயே அம்புக்குறி போட்டிருப்பார்கள்.

உயரம் பெரும்பாலும் தரையிலிருந்து 1000 அடி. சில இடங்களில் 800. டர்பைன் விமானங்களும் பெரிய விமானங்களும் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் 1500 அடியில் சுற்றும். இதில் அடிக்கடி நேரும் பிழை ஒன்று உண்டு. ஓடுதளம் கடல்மட்டத்திலிருந்து 850 அடி உயரத்தில் இருந்தால், கடல்மட்ட அழுத்தத்துக்கு வைத்த ஆல்டிமீட்டரில் (உயரமானியில்) சர்க்யூட் உயரம் 1850 என்று காட்ட வேண்டும். புது இடத்துக்குப் போகும் விமானி வீட்டு ஓடுதளத்தின் எண்ணையே மனதில் வைத்துக்கொண்டு பறந்தால், மற்ற எல்லோரையும்விட சில நூறு அடி கீழேயோ மேலேயோ இருப்பார். யாரும் அவரைத் தேடும் உயரத்தில் அவர் இருக்கமாட்டார்.

கிராஸ்விண்டுக்கு எங்கே திரும்புவது என்பதில் நாட்டுக்கு நாடு பழக்கம் மாறுகிறது. பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் 500 அடியில் திரும்பக் கற்றுக்கொடுக்கிறார்கள். அமெரிக்காவில் ஓடுதளத்தின் மறுமுனையைத் தாண்டி, சர்க்யூட் உயரத்துக்கு 300 அடி குறைவாக, அதாவது 700 அடியில் திரும்புவது வழக்கம். எந்தப் பழக்கமானாலும் உயரத்தை மட்டும் பார்த்துத் திரும்பினால் வடிவம் குலையும். நிமிடத்துக்கு 700 அடி ஏறும் விமானம் 500 அடியை 43 வினாடியில் எட்டிவிடும். அதற்குள் காற்றில்லா நாளில் முக்கால் கடல்மைலுக்குச் சற்று மேல் போயிருக்கும். அதே விமானம் உச்சிவெயிலில், நாலு பேரை ஏற்றிக்கொண்டு நிமிடத்துக்கு 400 அடிதான் ஏறுகிறது என்றால், அதே உயரத்துக்கு 75 வினாடி, ஒன்றரைக் கடல்மைல். முன்னவர் சிறிய சர்க்யூட், பின்னவர் நீண்ட சர்க்யூட் என்று ஆகி, சிறியதில் சுற்றுபவர் உள்புறமாக வந்து முந்திக்கொள்வார். அவர் முந்த நினைத்திருக்கவே மாட்டார். ஆகவே முன்னால் யாராவது இருந்தால் உயரத்தோடு அவர் இருக்கும் இடத்தையும் பார்த்துத்தான் திரும்ப வேண்டும்.

அகலம்தான் அடிப்படை

டவுன்விண்ட் ஓடுதளத்திலிருந்து எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும்? அரை முதல் ஒரு கடல்மைல் என்று புத்தகங்கள் சொல்கின்றன. இந்த இரண்டு எல்லைக்கும் நடுவே எவ்வளவு வித்தியாசம் என்பது திருப்பங்களின் ஆரத்தைப் போட்டுப் பார்த்தால்தான் புரியும்.

80 நாட் வேகத்தில் 20 டிகிரி சாய்த்துத் திரும்பினால் திருப்பத்தின் ஆரம் சுமார் 475 மீட்டர். 70 நாட்டில் அதே சாய்வுக்கு 365 மீட்டர். டவுன்விண்டிலிருந்து பேஸுக்கு முதல் திருப்பம், பேஸிலிருந்து ஃபைனலுக்கு இரண்டாவது. இரண்டு ஆரத்தையும் கூட்டினால் 840 மீட்டர். டவுன்விண்ட் அரைக் கடல்மைலில், அதாவது 926 மீட்டரில் இருந்தால், நேராகப் பறக்கும் பேஸ் என்று மிஞ்சுவது 90 மீட்டர் கூட இல்லை. மூன்று வினாடிக்குள் கடந்துவிடும். அந்த மூன்று வினாடியில் ஃபைனலில் யார் வருகிறார் என்று பார்க்க வேண்டும், உயரம் கூடுதலா குறைவா என்று முடிவெடுக்க வேண்டும், ஃப்ளாப்பை (இறக்கையின் பின்விளிம்பு மடிப்பை) இறக்க வேண்டும். எதுவும் நடக்காது. முக்கால் கடல்மைலில் இருந்தால் பேஸில் 15 வினாடி நேர்ப் பறத்தல் கிடைக்கும். ஒரு கடல்மைலில் 28 வினாடி.

அப்படியானால் இன்னும் தள்ளிப் போனால் நல்லதல்லவா என்று தோன்றும். எஞ்சின் நின்றால் என்ன ஆகும் என்பதையும் சேர்த்துத்தான் அகலத்தை முடிவுசெய்ய வேண்டும். செஸ்னா 172 ஒரு அடி இறங்கினால் ஏறத்தாழ ஒன்பது அடி முன்னே போகும். 1000 அடியிலிருந்து ஒன்றரைக் கடல்மைல், அதுவும் காற்றில்லாமல், திரும்பாமல். திருப்பங்களில் போகும் உயரத்தையும் எதிர்காற்றையும் கழித்தால், முக்கால் கடல்மைல் அகலத்தில் உடனே ஓடுதளத்தை நோக்கித் திருப்பினால் போய்ச் சேரலாம். ஒன்றரைக் கடல்மைலில் பறப்பவர் வயலில்தான் இறங்க வேண்டியிருக்கும். தவிர, அகன்ற சர்க்யூட்டில் சுற்றுபவரைப் பின்னால் வருபவர் தேடும் இடத்தில் காண முடியாது. முக்கால் கடல்மைலைக் குறியாக வைத்துக்கொள்வது நல்லது என்பதே எங்கள் கருத்து.

அந்த முக்காலை எப்படி அளப்பது? உயர் இறக்கை விமானத்தில் ஓடுதளம் இறக்கைத் தாங்கியின் எந்த இடத்தில் வெட்டுகிறது என்று பார்க்கச் சொல்வார்கள். தாழ் இறக்கை விமானத்தில் இறக்கை முனையோடு ஒப்பிடச் சொல்வார்கள். நல்ல முறைதான், ஆனால் இருக்கையின் உயரம் மாறினால் குறியும் மாறிவிடும். எந்த விமானத்துக்கும் பொருந்தும் வழி ஒன்று உண்டு. கையை முழுதாக நீட்டி முஷ்டி பிடித்தால் அதன் அகலம் கண்ணுக்குச் சுமார் 10 டிகிரி. 1000 அடி உயரத்தில், முக்கால் கடல்மைல் தள்ளியிருக்கும் ஓடுதளம் தொடுவானத்துக்கு 12 டிகிரி கீழே தெரியும்: ஒரு முஷ்டியும் ஒரு விரலும். அரைக் கடல்மைல் என்றால் 18 டிகிரி, கிட்டத்தட்ட இரண்டு முஷ்டி. ஒரு கடல்மைல் என்றால் முஷ்டிக்கும் சற்றுக் குறைவு. டவுன்விண்டில் இறக்கையைச் சமமாக வைத்துக்கொண்டு இரண்டு மூன்று முறை இப்படி அளந்து, அப்போது தாங்கியில் ஓடுதளம் எங்கே வெட்டுகிறது என்று மனதில் குறித்துக்கொண்டால், பிறகு முஷ்டி தேவையில்லை. தரையில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியையும் சாலை வளைவையும் வைத்துத் திரும்பப் பழகியவர்கள் வேறு ஓடுதளத்துக்குப் போன அன்று தடுமாறுவது, இந்தப் படம் மனதில் இல்லாததால்தான்.

பேஸுக்குத் திரும்ப வழக்கமான இடம், இறங்கும் முனை தோளுக்குப் பின்னால் 45 டிகிரியில் தெரியும் இடம். அகலம் முக்கால் என்றால் முனையைத் தாண்டி முக்கால் கடல்மைல் போயிருப்போம். பலமான காற்று இருந்தால் 45 டிகிரிக்குக் காத்திருக்கக் கூடாது. 20 நாட் காற்றில் டவுன்விண்டில் தரைவேகம் 110, ஃபைனலில் 45. தள்ளிப் போன ஒவ்வொரு வினாடிக்கும் திரும்பி வர இரண்டரை வினாடி ஆகும்.

காற்று குறுக்கே அடிக்கும்போது

ஓடுதளத்துக்கு நேரே வரும் காற்று சர்க்யூட்டை நீட்டும் அல்லது சுருக்கும், அவ்வளவுதான். பக்கக்காற்று அப்படியல்ல. 15 நாட் பக்கக்காற்றில் மூக்கைத் திருத்தாமல் டவுன்விண்டில் ஒரு நிமிடம் பறந்தால் கால் கடல்மைல், அதாவது 460 மீட்டர் நகர்ந்துவிடுவோம். முக்கால் அரையாகிவிடும், அல்லது ஒன்றாகிவிடும். 90 நாட் வேகத்தில் இதைச் சரிக்கட்ட மூக்கைச் சுமார் 10 டிகிரி காற்றுப் பக்கம் திருப்பிவைக்க வேண்டும்.

எந்தப் பக்கத்துக் காற்று ஆபத்தானது என்பதைப் புறப்படும் முன்பே காற்றுப்பையைப் பார்த்துச் சொல்லிவிடலாம். சர்க்யூட் இருக்கும் பக்கத்திலிருந்து காற்று ஓடுதளத்தைக் கடக்கிறதா? இடப்பக்க சர்க்யூட், காற்றும் இடப்பக்கத்திலிருந்து என்று வைத்துக்கொள்வோம். கிராஸ்விண்டில் அது எதிர்காற்று. மெதுவாகத்தான் விலகுவோம், பழகிய நேரத்திலேயே டவுன்விண்டுக்குத் திரும்பினால் அகலம் குறைந்திருக்கும். டவுன்விண்டில் அதே காற்று நம்மை ஓடுதளத்தை நோக்கித் தள்ளும். அகலம் இன்னும் குறையும். பேஸில் அது பின்காற்று. மூன்று பிழையும் ஒரே பக்கம் சேர்கின்றன.

பேஸில் என்ன நடக்கிறது என்று வினாடி வினாடியாகப் பார்க்க வேண்டும். 70 நாட் வேகம், 20 டிகிரி சாய்வு என்றால் 90 டிகிரி திரும்ப 16 வினாடி ஆகும். அந்த 16 வினாடியில் 15 நாட் பின்காற்று விமானத்தை 120 மீட்டர் தள்ளிவிடும். காற்றில்லா நாளில் திரும்பும் அதே இடத்தில் திரும்பினால், ஓடுதளத்தின் நடுக்கோட்டைத் தாண்டி 120 மீட்டர் அந்தப் பக்கம் போய் நிற்போம். திருப்பம் பாதியில் இருக்கும்போதே ஓடுதளம் ஜன்னலில் நழுவிப் போவது தெரியும். கை தானாகச் சாய்வைக் கூட்டும். 30 டிகிரி. அதுவும் போதவில்லை. இதற்கு மேல் சாய்க்கக் கூடாது என்று பயிற்சியில் சொன்னது நினைவுக்கு வரும். சாய்வைக் கூட்டாமல் மூக்கை மட்டும் உள்ளே கொண்டுவர இடது ரட்டரை (வால் சுக்கானின் மிதியை) மிதிக்கத் தோன்றும். வெளி இறக்கை வேகமாக நகர்ந்து மேலே எழும். சாய்வு கூடுவதைத் தடுக்க ஸ்டிக்கை வலப்பக்கம் தள்ளுவோம். மூக்கு தாழும், அதைத் தூக்க எலவேட்டரை (வாலின் கிடை மடிப்பை) இழுப்போம். இடது ரட்டர், வலது ஏலரான் (சாய்வை மாற்றும் இறக்கை மடிப்பு), பின்னிழுத்த எலவேட்டர்: ஸ்பின்னுக்குள் (தூக்குவிசை இழந்து சுழன்று விழும் நிலைக்குள்) நுழையக் கற்றுக்கொடுக்கும்போது வைக்கச் சொல்லும் நிலைக்கு மிக அருகில் இருக்கிறோம். உயரம் 500 அடி. மீள இடமில்லை.

ஸ்டால் வேகமும், அதாவது இறக்கை தூக்குவிசையை இழக்கும் வேகமும், சாய்வோடு சேர்ந்து ஏறுகிறது. நேர்ப் பறத்தலில் 48 நாட்டில் ஸ்டால் ஆகும் விமானம், உயரம் இழக்காத திருப்பத்தில் 30 டிகிரி சாய்வில் 52 நாட்டிலும், 45 டிகிரியில் 57 நாட்டிலும், 60 டிகிரியில் 68 நாட்டிலும் ஸ்டால் ஆகும். பேஸ் வேகம் 70 என்பதை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இதற்கு மருந்து பேஸில் இல்லை. டவுன்விண்டில் அகலத்தைக் காப்பாற்றுவது முதல் வேலை. பேஸில் பின்காற்று என்று தெரிந்தால் நடுக்கோட்டுக்கு முன்னதாகவே, வழக்கத்தைவிட நூறு மீட்டருக்கும் மேல் முன்பாகத் திருப்பத்தைத் தொடங்குவது இரண்டாவது. இவ்வளவுக்குப் பிறகும் நடுக்கோட்டைத் தாண்டிவிட்டால், சாய்வை 30 டிகிரிக்குள் வைத்து, தாண்டியபடியே போய், நிதானமாகத் திரும்பி வரலாம், அல்லது கோ-அரவுண்ட். இணை ஓடுதளம் உள்ள இடத்தில் தாண்டிப் போவதே அடுத்த ஃபைனலில் இருப்பவருக்கு ஆபத்து. அங்கே தாமதிக்காமல் கோ-அரவுண்ட்தான்.

முன்னால் போகிறவரும் நாமும்

இப்போது இரண்டு விமானங்களை வைத்துக் கணக்கிடலாம். பழைய விதி ஒன்று: முன்னால் போனவர் ஃபைனலில் நம் இறக்கைக்கு நேராக எதிர்ப்பக்கம் கடந்து போன பிறகே பேஸுக்குத் திரும்பு. 45 டிகிரி இடத்தில் நாம் இருக்கும்போது அவர் நேர் எதிரே இருந்தால், இறங்கும் முனைக்கு அவருக்கு முக்கால் கடல்மைல். 65 நாட்டில் 42 வினாடி. நமக்கு இரண்டு திருப்பமும் பேஸும் ஃபைனலும் சேர்த்து 94 வினாடி ஆகும். ஆக இடைவெளி 52 வினாடி. அவர் டச் அண்ட் கோ செய்தால், அதாவது ஓடுதளத்தைத் தொட்டு நிற்காமல் மறுபடி புறப்பட்டால், இது போதும். நடுவிலேயே வெளியேறும் வழி இருந்தாலும் போதும். வெளியேற வழியில்லாமல் ஓடுதளத்திலேயே திரும்பி 600 மீட்டர் உருண்டு வர வேண்டிய இடமென்றால், இறங்கி ஓடி நின்று திரும்பி வந்து சேர இரண்டு நிமிடம் பிடிக்கும். 52 வினாடி அங்கே எதற்கும் ஆகாது. அப்படிப்பட்ட ஓடுதளத்தில் முன்னவர் முழுதாக நிறுத்தப்போகிறாரா, டச் அண்ட் கோவா என்று ரேடியோவில் தெரிந்துகொள்வது அவசியம்.

இந்த 52 வினாடியை டவுன்விண்டின் கடைசியில் தேடாமல் அப்விண்டிலேயே வாங்கிவைக்கலாம். முன்னவர் டவுன்விண்டில் எதிர்த்திசையில் வந்து நம் இறக்கைக்கு நேராகக் கடக்கும்வரை ஏறிக்கொண்டே இரு. கடந்த பிறகு கிராஸ்விண்டுக்குத் திரும்பு. கிராஸ்விண்டும் அதன் இரண்டு திருப்பங்களும் சேர்ந்து 48 வினாடி. நாம் டவுன்விண்டில் நேராகும்போது அவர் 48 வினாடி முன்னால், 90 நாட் கணக்கில் ஒன்றேகால் கடல்மைல் தள்ளிப் போய்க்கொண்டிருப்பார். அதே இடைவெளி பேஸ்வரை கூடவே வரும்.

இடைவெளி இன்னும் வேண்டுமென்றால் எங்கே நீட்டுவது? 15 நாட் காற்று இருக்கும் நாளை எடுத்துக்கொள்வோம். அப்விண்டில் 30 வினாடி கூடுதலாகப் போனால் தரைவேகம் 60, அரைக் கடல்மைல். டவுன்விண்டில் அதைத் திரும்பக் கடக்க 17 வினாடி. மொத்தம் 47 வினாடி கிடைத்தது. பேஸ் வழக்கமான இடத்திலேயே இருக்கிறது, எஞ்சின் நின்றால் சறுக்கி வரும் தூரமும் மாறவில்லை. அதே 30 வினாடியை டவுன்விண்டின் கடைசியில் நீட்டினால், ஃப்ளாப் இறக்கி 85 நாட்டில் போனாலும் தரைவேகம் 100; முக்கால் கடல்மைலுக்கு மேல் தள்ளிப் போய்விடுவோம். ஃபைனலில் தரைவேகம் 50 என்பதால் அதைத் திரும்பிக் கடக்க ஒரு நிமிடம். 90 வினாடி கிடைக்கும், ஆனால் தேவைக்கு மேல். நமக்குப் பின்னால் வருபவரும் அதே அளவு நீட்ட வேண்டும், அவருக்குப் பின்னால் வருபவர் இன்னும் கொஞ்சம். ஒரு மணி நேரத்தில் எல்லோரும் மூன்று கடல்மைல் ஃபைனலில், தாழ்வாக, எஞ்சினை நம்பி வந்துகொண்டிருப்பார்கள். டவுன்விண்டை நீட்டத்தான் வேண்டும் என்றால் சர்க்யூட் உயரத்திலேயே நீட்ட வேண்டும். பழக்கத்தில் கை பவரைக் குறைத்துவிடும். 600 அடியில் நீண்ட ஃபைனலுக்குத் திரும்புபவர்கள் அப்படித்தான் உருவாகிறார்கள். பவரைத் தொடாமல் 1000 அடியில் பேஸ் பறந்து, ஃபைனலில் வழக்கமான சரிவு கிடைக்கும் இடத்தில் இறங்கத் தொடங்க வேண்டும். மூன்று டிகிரி சரிவில் ஒரு கடல்மைலுக்குச் சுமார் 320 அடி: 1000 அடியில் இருந்தால் மூன்று கடல்மைலுக்குச் சற்று மேலேயே தொடங்கலாம்.

வேகத்தைக் குறைப்பது பலரும் நினைக்கும் அளவுக்கு இடைவெளி தராது. இரண்டு கடல்மைல் டவுன்விண்டை அதே காற்றில் 90 நாட்டில் பறந்தால் 69 வினாடி, 75 நாட்டில் 80 வினாடி. பதினோரு வினாடிதான் லாபம். அதன் பயன் வேறு: முன்னவர் 65 நாட்டில் போகும்போது நாம் 90 நாட்டில் போனால் நிமிடத்துக்கு 0.4 கடல்மைல் நெருங்கிக்கொண்டிருக்கிறோம். அந்த நெருங்கலை நிறுத்தவே வேகக் குறைப்பு. அதைச் சீக்கிரமே, டவுன்விண்டின் நடுவிலேயே செய்துவிட வேண்டும்.

டவுன்விண்டில் 360 டிகிரி சுற்றி நேரம் போக்குவது மட்டும் கூடாது. வழக்கமான வீதத்தில் ஒரு சுற்று இரண்டு நிமிடம். அதில் ஒரு பாதி நேரம் பின்னால் வருபவரை நோக்கிப் பறந்துகொண்டிருப்போம், அதுவும் அவர் இருக்கும் உயரத்திலேயே. டவர் சொல்லிச் சுற்றுவது வேறு. அங்கே பின்னவருக்கும் சொல்லியிருப்பார்கள்.

சர்க்யூட்டில் எத்தனை பேர் இருக்கலாம் என்பதற்கும் இந்தக் கணக்கே பதில் சொல்லும். ஒரு சுற்றுக்கு ஐந்தரை நிமிடம் ஆகிறது என்றால் நான்கு விமானம் இருக்கையில் ஆளுக்கு 80 வினாடி கிடைக்கும். ஆறு சேர்ந்தால் 55 வினாடி. நாம் மேலே கண்ட குறைந்தபட்சம் அதுதான். ஏழாவது விமானத்துக்கு இடமில்லை, ஒருவர் போய்ப் பயிற்சிப் பகுதியில் அரைமணி பறந்துவிட்டு வருவது எல்லோருக்கும் நல்லது.

வெளியிலிருந்து வருகிறவர்

சர்க்யூட்டில் ஏற்கெனவே வரிசை இருக்கிறது. புதிதாக வருபவர் அந்த வரிசையில் ஒரு இடைவெளியைக் கண்டுபிடித்து நுழைய வேண்டும். பிரிட்டனில் 2000 அடியில் ஓடுதளத்துக்கு மேலே வந்து, சர்க்யூட் இல்லாத பக்கத்தில், அதாவது டெட் சைடில் இறங்கி, 1000 அடியில் புறப்படும் முனைக்கு மேலாகக் கடந்து சேர்வார்கள். அந்த முனையைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு: அப்போதுதான் புறப்பட்ட சிறிய விமானம் அந்த இடத்தில் 1000 அடிக்கு ஏறியிருக்க முடியாது. அமெரிக்காவில் டவுன்விண்டின் நடுப்பகுதியை நோக்கி 45 டிகிரி கோணத்தில், சர்க்யூட் உயரத்தில் வந்து சேர்வது வழக்கம். டவுன்விண்டில் இருக்கும் எல்லோரும் முன் கண்ணாடியிலேயே தெரிவார்கள். எந்த முறையானாலும் டவுன்விண்டுக்குள் மேலிருந்து இறங்கி நுழையக் கூடாது. தாழ் இறக்கை விமானம் மேலேயும் உயர் இறக்கை விமானம் கீழேயும் இருந்தால், இருவருக்கும் மற்றவரை இறக்கை மறைத்துவிடும்.

நேராக ஃபைனலுக்கு வருவது பல நாடுகளில் விதிப்படி சரிதான். ஆனால் வேகமான விமானம் அப்படி வரும்போது தூரத்தைச் சொல்வதில் அர்த்தம் மாறிவிடுகிறது. 2022 ஆகஸ்ட் 18 அன்று கலிஃபோர்னியாவில் டவர் இல்லாத வாட்சன்வில் விமான நிலையத்தில், சர்க்யூட்டில் இருந்த செஸ்னா 152 ஒன்றும், நேராக ஃபைனலுக்கு வந்த இரட்டை எஞ்சின் செஸ்னா 340 ஒன்றும் மோதி மூன்று பேர் இறந்தார்கள். இரண்டும் ஒரே அலைவரிசையில் தங்கள் இடத்தை அறிவித்தபடிதான் இருந்தன. இரட்டை எஞ்சின் விமானம் சுமார் 180 நாட் வேகத்தில் வந்தது. அந்த வேகத்தில் மூன்று கடல்மைல் என்பது ஒரு நிமிடம். பேஸுக்குத் திரும்பி ஓடுதளத்தைத் தொட சிறிய விமானத்துக்கு ஒன்றரை நிமிடம் வேண்டும். மூன்று மைல் என்று காதில் விழுந்தால் 65 நாட் விமானத்தில் பழகியவருக்கு நிறைய நேரம் இருப்பதாகவே தோன்றும். இடத்தோடு வேகத்தையோ, முனைக்கு வர எத்தனை நிமிடம் என்பதையோ சேர்த்துச் சொன்னால் கேட்பவர் கணக்குப் போட வேண்டியதில்லை. கேட்பவரும் விமான வகையைக் கேட்டதும் வேகத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். இறங்குகையில் தாழ இருப்பவருக்கு முன்னுரிமை என்ற விதி உண்டு. அதைப் பயன்படுத்தி ஃபைனலில் இருப்பவருக்கு முன்னால் வெட்டி நுழையக் கூடாது என்பதும் அதே விதியின் அடுத்த வரி.

ரேடியோவும் கண்ணும்

ரேடியோ அறிவிப்பைத் திருப்பத்துக்குச் சற்று முன் சொல்வது நல்லது. திரும்பும் விமானத்தின் இறக்கை முழுதாகத் தெரியும். கேட்டவர் தலையைத் திருப்பும் நேரத்தில் நாம் சாய்ந்திருப்போம், கண்ணில் படுவோம். ஓடுதளத்தின் பெயர், விமான வகை, இருக்கும் இடம், செய்யப்போவது, வரிசையில் எத்தனாவது. ‘டவுன்விண்ட், இரண்டாவது, பேஸில் இருக்கும் செஸ்னாவுக்குப் பின்னால், டச் அண்ட் கோ’ என்றால் எல்லோருக்கும் படம் கிடைத்துவிடும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் கீச்சென்ற சத்தம்தான் கேட்கும், இருவர் சொன்னதும் போய்விடும். அதனால் நீட்டிப் பேசக் கூடாது. ரேடியோ இல்லாத விமானமும், தவறான அலைவரிசையில் பேசிக்கொண்டிருப்பவரும் எப்போதும் இருக்கலாம். திரையில் மற்ற விமானங்களைக் காட்டும் கருவியும் அதை ஒளிபரப்பாத விமானத்தைக் காட்டாது.

இடப்பக்க சர்க்யூட்டில் எல்லோரும் இடப்பக்கமே பார்த்துப் பழகிவிடுகிறோம். ஃபைனலுக்குத் திரும்பும் முன் வலப்பக்கம், ஃபைனலின் நீட்சியில் பார்க்க வேண்டும். நீண்ட ஃபைனலில் வருபவர் பேஸில் நமக்கு வலப்பக்கம்தான் இருப்பார். உயர் இறக்கை விமானத்தில் திரும்பத் தொடங்கியதும் உள் இறக்கை தாழ்ந்து, நாம் போகப்போகும் இடத்தையே மறைத்துவிடும். திரும்புவதற்கு முன்பே அந்த இறக்கையை ஒரு வினாடி தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும்.

இவ்வளவு செய்தும் முன்னவர் ஓடுதளத்தில் நின்றுகொண்டிருந்தால் 300 அடியிலேயே முடிவெடுத்துவிடலாம். முழு பவர், கார்புரேட்டர் ஹீட் (எஞ்சினுக்குச் சூடான காற்று தரும் குமிழ்) உள்ளே, மூக்கு ஏறும் நிலையில், ஃப்ளாப் படிப்படியாக. முன்னவர் டச் அண்ட் கோ செய்து கீழிருந்து ஏறி வரக்கூடும், அவர் நம் மூக்குக்குக் கீழே மறைந்திருப்பார். அதனால் ஓடுதளத்துக்கு நேரே மேலே போகாமல் டெட் சைடு பக்கம் சற்று விலகி, இடப்பக்க சர்க்யூட் என்றால் வலப்பக்கம் நகர்ந்து, ஓடுதளத்தை நம் ஜன்னலில் வைத்துக்கொண்டு ஏற வேண்டும். அந்தப் பக்கம் கிளைடர்களோ ஹெலிகாப்டர்களோ பறக்கும் ஓடுதளம் என்றால் அங்குள்ள நடைமுறை எதுவோ அதன்படி. இப்போது நாம் மறுபடி அப்விண்டில் இருக்கிறோம், வரிசை மாறியிருக்கிறது. கீழிருந்து ஏறுபவர் நமக்கு முன்னாலா பின்னாலா, டவுன்விண்டில் யார் இருக்கிறார் என்று பார்த்து, வரிசையில் எத்தனாவது என்று ரேடியோவில் சொல்லிவிட்டு, டவுன்விண்டில் இருப்பவர் நம் இறக்கைக்கு நேராகக் கடந்த பிறகு கிராஸ்விண்டுக்குத் திரும்ப வேண்டும்.